சாக்ஸபோன்காரரின் முன்பல்

பல்செட்டுக்காரருக்கு மனிதர்களின் முகம் எளிதில் மனதில் பதியாது. வாயைத் திறந்தால்தான் ஆள் யாரென்று பிடிபடும். பல் மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சைப் பார்த்து ஒற்றைப் பல்லோ முழுசெட்டோ செய்து கொடுப்பது அவர் தொழில். சலவைக்கடைக்குப் பின்னால் இருந்த ஒரு நீளமான அறைதான் பட்டறை. ஒரு சின்னச் சூளை, விசிலடிப்பது போலக் கத்திச் சுழலும் ஒரு மின்சார அரம், சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க பிளாஸ்டர் வாய்கள். முதல் தடவை உள்ளே வருகிறவர்கள் சற்றுத் திடுக்கிட்டுத்தான் போவார்கள். ஊரில் பாதிப்பேர் அவர் செய்த பல்லால் கடித்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அவரைத் தெரியாது. அதில் அவருக்கு வருத்தமில்லை. "செஞ்ச பல்லுன்னு கண்டுபிடிச்சுட்டாங்கன்னா அது பல்லே இல்ல" என்பார்.

மனைவிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. மாணவர்கள் டீச்சர் என்று கூப்பிட, அவரும் வீட்டில் கேலியாக அப்படியே கூப்பிட ஆரம்பித்து, கேலி போய்ப் பெயர் நின்றுவிட்டது. அவள் கற்றுக்கொடுக்கும் காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால் மிதிப்பதற்கு. காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் கால் அதன்மேல்தான் இருக்கும். சாலையில் கற்றுக்கொடுத்ததை வீட்டிலும் நடைமுறைப்படுத்தினாள். ஒரு நாள் சமையல் அவளுடையது, மறுநாள் அவருடையது. ஒரு வாரம் படுக்கையில் ஜன்னலோரம் அவளுக்கு, மறுவாரம் அவருக்கு. "யார் முறைன்னு தெரிஞ்சா ஹாரனே வேண்டாம்" என்பது அவள் கட்சி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் ஹாரன் சத்தம் பெரிதாகக் கேட்டதும் இல்லை.

மகள் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு வீடு வெறிச்சோடிப்போனது. அப்போது ஒரு வெள்ளிக்கிழமை மழைக்கு ஒதுங்கப் போன காபிக்கடையில்தான் ஜாஸ் அவர்களைப் பிடித்துக்கொண்டது. பியானோ, டிரம்ஸ், ஆள் உயரத்துக்கு பேஸ் என்று ஒரு தந்தி வாத்தியம். மழை விட்ட பிறகும் இருவரும் எழுந்திருக்கவில்லை. டீச்சர் அவர் காதருகே குனிந்து, "நாலு ரோடு சேர்ற இடத்துல சிக்னலே இல்லாம வண்டி போற மாதிரி இருக்குங்க. ஒருத்தர் போறாரு, மத்தவங்க வழி விடறாங்க. ஒருத்தர் மேல ஒருத்தர் இடிச்சுக்கவே இல்ல பாருங்க" என்றாள். அவருக்கு இசை பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் அப்படிச் சொன்னதும் புரிந்த மாதிரி இருந்தது.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை என்றால் காபிக்கடைதான். அவர்களுக்கு அமைந்த மேசைக்கு ஒரு குறை. மேடைக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு தடித்த தூண். ஒரு நாற்காலியிலிருந்து மேடை முழுக்கத் தெரியும். இன்னொன்றிலிருந்து தூணும், எதிரே உட்கார்ந்திருப்பவர் முகமும் மட்டும்தான். நல்ல மேசை காலியானபோதுகூட அவர்கள் மாறவில்லை. இடைவேளை விட்டதும் இருவரும் எழுந்து, கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு, இடம் மாற்றிக்கொள்வார்கள். கடைக்காரம்மா அதைப் பார்த்துச் சிரிப்பாள். உண்மையைச் சொன்னால் அவருக்குத் தூண் நாற்காலியும் பிடித்துத்தான் இருந்தது. வாத்தியக்காரர்களைப் பார்க்காமல், மனைவி கேட்பதைப் பார்த்தே பாட்டுக் கேட்கலாம்.

வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக் காரில் ஊர் சுற்றப் போவார்கள். எங்கே என்று முடிவு செய்வது கிடையாது. ஒரு நாள் அவள் சொல்கிற பாதை, மறுநாள் அவர் சொல்கிற பாதை. யார் முறையோ அவர்தான் ஓட்டவும் வேண்டும். சாயங்காலம் போய்ச் சேர்ந்த ஊரில் இங்கே எங்கே வாசிக்கிறார்கள் என்று விசாரிப்பார்கள். இப்படித்தான் ஒரு ஊரில் தீயணைப்பு நிலையக் கொட்டகையில் தீயணைப்பு வீரர்களே வாசித்ததைக் கேட்டார்கள். பாதியில் மணி அடித்து டிரம்ஸ்காரர் வண்டியேறிப் போய்விட, மிச்சத்தை அவரில்லாமலே முடித்தார்கள். இன்னொரு ஊரில் பாட வேண்டிய பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவள் விரலால் காற்றில் காட்டக் காட்ட, பியானோ அவளுக்காகப் பாடியது. இதையெல்லாம் வருஷம் முழுக்கச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரிப்பார்கள்.

இந்தச் சீரான வாழ்க்கைக்குள்தான் சாக்ஸபோன்காரர் வந்து சேர்ந்தார்.

நாற்பது தாண்டிய ஆள். உச்சியில் முடி கிடையாது. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, யாரையோ எழுப்பப் பயப்படுகிறவர் மாதிரி மெதுவாக ஊதுவார். சுரத்துக்கு முன்னால் மூச்சு கேட்கும். முதல் நாள், முதல் பாதியில் மேடை பார்க்கும் நாற்காலி டீச்சருடையது. இடைவேளையில் பல்செட்டுக்காரர் கோப்பையோடு எழுந்து நின்றார். அவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னைக்கு மட்டும் இப்படியே இருக்கட்டுமே" என்றாள்.

இருக்கட்டும் என்று உட்கார்ந்தார். அடுத்த வெள்ளியும் அப்படியே இருந்தது. அதற்கடுத்த வெள்ளி அவர் எழுந்திருக்கவே இல்லை. எழுந்து மறுபடி உட்காருவது அசிங்கமாக இருந்தது.

தூண் நாற்காலியின் சங்கடம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த ஆள் என்ன செய்கிறான் என்று தெரியாது. அவன் செய்வதெல்லாம் இவள் முகத்தில்தான் தெரியும். உதடு லேசாகப் பிரிந்திருக்கும். கண் எங்கேயோ நிலைத்திருக்கும். மேசைக்குக் கீழே வலதுகால் மெல்ல அழுந்தி மெல்ல எழும். இந்த முகத்தை அவர் எப்போது பார்த்தார்? பெண் பார்க்கப் போனபோது இல்லை. மகள் பிறந்தபோது இல்லை. தன்னிடம் காட்டாத முகம் ஒன்று இவளிடம் இத்தனை நாளும் இருந்திருக்கிறது என்ற நினைப்பில் காபி கசந்தது.

கடைக்காரம்மா வேறு வந்து நின்றாள். "என்னண்ணே, தூணை விலைக்கு வாங்கிட்டீங்களா? எழுந்திருக்கவே மாட்டேங்கறீங்க."

"தூண் என்னை விடமாட்டேங்குது."

"பாத்துக்கோங்க. அண்ணி அங்க, நீங்க இங்க. நடுவுல சுவரு கட்டாத குறைதான்."

வீட்டில் சமைக்கும்போது அவர் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டித் தாளம் போட்டுப் பார்த்தார். "குழம்பு தெறிக்குது" என்றாள் டீச்சர். ஒருநாள் பேச்சோடு பேச்சாக, துண்டை உதறிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் புது ஆளு பரவால்ல, இல்ல?"

"ம்."

"ம்னா?"

"ம்னா ம்தான்."

"இல்ல, நல்லா வாசிக்கிறானா, சுமாரா வாசிக்கிறானா? எனக்குத் தூணுதான் தெரியுது, அதான் கேக்கறேன்."

"காதுக்கு எதுக்குங்க தூணு?" என்று சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போய்விட்டாள்.

இதோடு போயிருந்தால் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்த வருஷத்துச் சுற்றுலாவுக்கு முன்னால் டீச்சர் ஒரு புதுமை செய்தாள். "இந்தத் தடவை ஒரே ஒரு நாள் மட்டும் எங்கன்னு முன்கூட்டியே முடிவு பண்ணி வச்சுக்கலாம். ஆத்தங்கரையில ஜாஸ் விழா நடக்குது. நம்ம காபிக்கடை ஆளுங்களும் வாசிக்கிறாங்க."

அவர் மனசுக்குள் நாட்களை ஓட்டிப் பார்த்தார். "அது எம்முறை வர்ற நாளாச்சே."

"தெரியும். விட்டுக்குடுங்க."

விட்டுக்கொடு என்று அவள் கேட்டதே இல்லை. சரி என்றுதான் சொன்னார். ஆனால் அன்று முழுக்க அரத்தைப் பிடித்த கையில் ஒரு முரட்டுத்தனம் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காபிக்கடை வாசலில் இன்று வாசிப்பு இல்லை என்று எழுதி வைத்திருந்தார்கள். சாக்ஸபோன்காரர் மேடையை ஒழுங்கு செய்யும்போது மைக் கம்பி சரிந்து வாயில் விழுந்து, முன்பல் பாதிக்கு உடைந்துவிட்டது என்றாள் கடைக்காரம்மா. டீச்சர் வழியெல்லாம் பேசவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும், "பாவம், விழாவுக்கு வாசிப்பாரோ மாட்டாரோ" என்றாள். அவர் குனிந்து பூட்டைத் திறந்தார். மனசு குதூகலித்ததை வெளியே காட்டாமல் இருப்பதே பெரும்பாடாக இருந்தது.

குதூகலம் மறுநாள் மதியம் வரைதான். அச்சு அனுப்பும் பல் டாக்டரம்மா போன் செய்தார். "ஒரு அச்சு அனுப்பறேன். சாக்ஸபோன் ஊதற ஆளு. மேல்பல்லு வாத்தியத்து மேல ஊனி நிக்கணும். தலைமுடி அளவு மாறினாலும் ஊத வராதாம், அழாத குறையா சொல்றார். நல்லவேளை, உடையறதுக்கு முன்னாடி எடுத்த பழைய அச்சு ஒண்ணு எங்கிட்ட இருந்தது. அதையும் சேத்து அனுப்பறேன். அப்படியே அச்சு அசலா வேணும். உங்களைத் தவிர வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரல."

பெட்டியைப் பிரித்தபோது சாக்ஸபோன்காரரின் வாய் அவர் உள்ளங்கையில் இருந்தது. மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கீல் வைத்த சட்டத்தில் பூட்டித் திறந்து மூடிப் பார்த்தார். ஒரு கடைவாய்ப்பல் கோணல். கீழ்வரிசையில் நெரிசல். "இதை வச்சுக்கிட்டா இந்த ஆட்டம் போடறே?" என்று கேட்டார். வாய் திறந்தே இருந்தது.

வேலையில் அவர் மனசறிந்து தப்புச் செய்தவர் இல்லை. அன்றும் நன்றாகத்தான் ஆரம்பித்தார். நிறம் பொருந்தியது, பளபளப்பு பொருந்தியது. நுனியைத் தேய்க்கும் நேரத்தில்தான் கை நின்றது. பழைய அச்சில் அந்தப் பல்லின் நுனி லேசாகத் தேய்ந்து, வாத்தியம் உட்கார ஒரு தடம் விழுந்திருந்தது. வருஷக்கணக்காக ஊதி ஊதி விழுந்த தடம். அதைத் தேய்க்காமல் விட்டால் என்ன? பார்க்க இன்னும் அழகாக இருக்கும். சாப்பிடலாம், பேசலாம், கண்ணாடி பார்த்துச் சந்தோஷப்படலாம். ஊதும்போது மட்டும் வாத்தியம் எங்கே உட்காருவது என்று தெரியாமல் அலையும். யாரும் எதுவும் சொல்ல முடியாது. கொஞ்சம் நீளமாக இருந்தால்தான் முன்பல்லுக்கு லட்சணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அரத்தை அணைத்தார். பல்லைச் சூளையில் மெருகேற்றி, பஞ்சில் பொதிந்து, மறுநாள் காலை அவர் கையாலேயே டாக்டரம்மாவின் வாசலில் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்று மதியம் டீச்சர் பட்டறைக்கு வந்தாள். பழக வேண்டிய பெண் காய்ச்சல் என்று வரவில்லையாம். மேசை மேல் பழைய அச்சு கிடந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"யாரோட வாய்ங்க இது? என்னமோ எல்லாப் பல்லும் ஒண்ணையொண்ணு முந்திக்கப் பாக்குது. டிராபிக் ஜாம் மாதிரி."

"உனக்குத் தெரியலையா?"

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிஞ்ச ஆளா?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கண்ணு கொட்டாம பாக்கறியே, அந்த வாய்தான்."

அவள் அச்சை மேசையில் வைத்தாள். அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "ஓ. அதான் பாத்திரத்தை அந்த அடி அடிச்சீங்களா?"

"நான் ஒண்ணும் அடிக்கல."

"அந்த ஆளுக்குத் தொப்பை இருக்கா இல்லையான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. நான் அவரைப் பாக்கல."

"வேற யாரைப் பாத்த?"

டீச்சர் சொல்வதற்கு வார்த்தை தேடினாள். "அவர் ஊதும்போது நான் வண்டில போயிட்டிருக்கேன். நீளமான ரோடு. எதிர்ல ஒண்ணும் வரல. பக்கத்து சீட்டுல யாரும் இல்ல."

"யாரும் இல்லன்னா?"

"யாரும் இல்லன்னா யாரும் இல்ல."

"நான்?"

"நீங்களும் இல்ல."

வெளியே சலவைக்கடை இயந்திரம் சுற்றி நின்றது. அவள் தொடர்ந்தாள். "நாள் முழுக்க யார் பக்கத்துலயோ உக்காந்து அவங்க காலையே பாத்துட்டிருக்கேன். லீவுல நான் ஓட்டினா நீங்க பக்கத்துல. லாரி வந்தா போதும், இல்லாத பிரேக்கைப் போட்டுத் தரையை மிதிக்கறீங்க. தப்புன்னு சொல்லல. ஆனா நான் இதுவரைக்கும் ஒரு ஊர்லேருந்து இன்னொரு ஊருக்குத் தனியா வண்டி ஓட்டினதே இல்ல. கத்துக்குடுக்கறவ நான்."

அவருக்கு வழுக்கைத்தலை சாக்ஸபோன்காரனே தேவலை என்று தோன்றியது. ஆள் என்றால் பல் இருக்கும், பல்லில் குறை இருக்கும். காலி சீட்டை என்ன செய்வது? அதை எந்த அரத்தால் தேய்ப்பது?

"சரி, அவர் பல்லை நல்லபடியா செஞ்சு குடுத்தீங்கல்ல?" என்று டீச்சர் சாதாரணமாகக் கேட்டாள்.

அவர் அலமாரியைப் பார்த்தார். அலமாரியிலிருந்த வாய்களெல்லாம் அவரைப் பார்த்தன. பழகுகிறவன் கால் எந்த மிதியின் மேல் இருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறவளுக்கு இது ஒரு பெரிய வித்தையா? அவள் குரலை உயர்த்தவில்லை. முதல் நாள் பழக வருகிறவரிடம் பேசுவது போலவே பேசினாள்.

"தப்பாத் திரும்பிட்டீங்க. பரவால்ல. யாரும் இடிக்கல இன்னும். பின்னாடி எடுங்க."

அவள் போன பிறகு அவர் போனை எடுத்தார், வைத்தார், எடுத்தார். அவர் செய்த பல் எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. அதுதான் அவருக்கு இந்தத் தொழிலில் இருந்த ஒரே பெருமை.

"டாக்டரம்மா, அந்த முன்பல்லைப் பொருத்தாதீங்க. நீளம் தப்பா விட்டுட்டேன்."

"நீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"நான்தான்."

பல் திரும்பி வந்தது. பழைய அச்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தத் தடத்தைத் தேய்த்தார். அவருக்கு நினைவு தெரிந்து ஒரு பல்லுக்கு அத்தனை நேரம் எடுத்துக்கொண்டதில்லை. மறுபடி மெருகேற்றி அனுப்பியபோது அது புதுப்பல் மாதிரியே இல்லை. வருஷக்கணக்காக ஊதிய பல் மாதிரி இருந்தது.

சுற்றுலா கிளம்பினார்கள். விழா நாள் காலையில், தங்கியிருந்த அறையில், அவர் தன் பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இன்னைக்கு எம்முறை. அதை உனக்குக் குடுத்துட்டேன். நான் பஸ்ல வர்றேன்."

டீச்சர் சாவியையும் அவரையும் பார்த்தாள். "மழை வர மாதிரி இருக்குங்க" என்றாள். "பஸ்ஸுக்குக் கூரை இருக்கு" என்றார். வேண்டாம் என்று ஒரு தடவையாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். அவள் படியிறங்கின வேகத்தைப் பார்த்தால் சாவியை அவர் பிடுங்கிக்கொள்வாரோ என்று பயந்த மாதிரி இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. தாண்டிப்போன ஒவ்வொரு காரையும் எட்டிப் பார்த்தார். இப்போது எந்தத் திருப்பத்தில் இருப்பாள்? யாராவது வழி கேட்டு நிறுத்தியிருப்பார்களா? பாடிக்கொண்டு போகிறாளா? பக்கத்து சீட்டில் பையை வைத்திருப்பாளா, சும்மா விட்டிருப்பாளா? ஒரு லாரி உரசுகிற மாதிரி வந்தது. அவர் தரையை ஓங்கி மிதித்தார். முன் சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார்.

ஆற்றங்கரையில் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தூண் எதுவும் இல்லை. இரண்டு நாற்காலி பிடித்து, ஒன்றில் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தார். வாத்தியங்களை இறக்கிக்கொண்டிருந்த சாக்ஸபோன்காரர் இவரைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"சார், நீங்க நம்ம காபிக்கடைல தூணுக்குப் பின்னாடி உக்காருவீங்கல்ல? உங்க மூக்கு மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்." சிரித்தார். பல்செட்டுக்காரர் அந்தப் பல்லைப் பார்த்தார். எது சொந்தம், எது தன் கைவேலை என்று அவராலேயே சட்டென்று சொல்ல முடியவில்லை.

"அம்மா வரலையா?"

"எந்த அம்மா?"

"எதிர்ல உக்காருவாங்களே. எப்பவும் எங்க தலைக்கு மேல எங்கயோ பாப்பாங்க. பின்னாடி மாட்டின கடிகாரம் நின்னுபோச்சோன்னு நானே ரெண்டு மூணு தரம் திரும்பிப் பாத்திருக்கேன்."

"வருவா" என்றார். பல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பஸ் வந்து வெகுநேரம் கழித்துத்தான் கார் வந்தது. பஸ்ஸுக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய கார். டீச்சர் புல்லில் நடந்து வந்தாள். தலைமுடியெல்லாம் காற்றில் கலைந்திருந்தது. செருப்பைக் கையில் வைத்திருந்தாள். மேடையில் இன்னும் யாரும் ஊத ஆரம்பிக்கவில்லை. ஆனால் அந்த முகம் ஏற்கனவே வந்திருந்தது. உதடு லேசாகப் பிரிந்து, கண் எங்கேயோ நிலைத்து.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"இவ்வளவு நேரமா? வழியில என்ன?"

"ஒண்ணும் இல்ல" என்று சொல்லித் தனக்குள்ளே சிரித்துக்கொண்டாள். தீயணைப்பு நிலையத்தைப் பற்றி வருஷக்கணக்காக அவரோடு சேர்ந்து சிரித்தவள்.

வாசிப்பு நன்றாக இருந்தது. அவர் முதல்முறையாக அந்த ஆள் ஊதுவதை முழுசாகப் பார்த்தார். வாத்தியம் பல்லின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. இடைவேளை விட்டதும் டீச்சர் எழுந்து நின்றாள்.

"மாறி உக்காருங்க."

"இங்கதான் தூணே இல்லையே."

"முறைன்னா முறைதாங்க."

மாறி உட்கார்ந்தார்கள். எங்கிருந்து பார்த்தாலும் ஒரே மேடைதான்.

மறுநாள் காலை அவள் சாவியை அவர் கையில் வைத்தாள். அவர் கதவைத் திறந்து பக்கத்து சீட்டைப் பார்த்தார். அதன் மேல் ஒரு துண்டு கிடந்தது. நன்றாக நனைந்து, இன்னும் ஈரம் காயாமல், ஓரத்தில் ஆற்று மணல் ஒட்டியிருந்தது. எந்த ஆறு, எந்த இடம், எத்தனை நேரம்? டீச்சர் மறுபக்கம் நின்று, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் துண்டை எடுத்து வெளியே பிழிந்தார். உதறி, பின்சீட்டின் முதுகில் விரித்துக் காயப்போட்டார். அவள் ஏறி உட்கார்ந்ததும் வண்டியைக் கிளப்பினார். வளைவு தாண்டி நீளமான சாலை வந்தது. எதிரில் ஒன்றும் வரவில்லை. அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு அடுத்த ஊர் வரை பல்லைக் கடித்துக்கொண்டு வரவேண்டியிருந்தது.